ஐந்து திருகாணிகள்

வாங்காமல் இருப்பதற்காக வாங்கிய போன் இது.
பேட்டரி வீங்கினால் பேட்டரி மட்டும்,
திரை உடைந்தால் திரை மட்டும்.
ஏழு வருடத்தில் இரண்டு திரை, ஒரு ஸ்பீக்கர்.

இதற்கே புதுக் கேமரா வந்திருக்கிறதாம்.
எண்பது யூரோ. ஐந்து திருகாணி.
பத்து நிமிட வேலை.
மூன்று முறை கூடையில் போட்டு
மூன்று முறையும் எடுத்துவிட்டேன்.

ஃப்ரீஸ்லாந்துக் கால்வாய் ஒன்றில்
பாலம் தூக்கி இறக்குகிறவன் நான்.
நேற்று ஒரு மணல் படகு
தூணை உரசிவிட்டுப் போனது.
படம் எடுத்தேன்.
எண் இருக்கவேண்டிய இடத்தில் உருகிய வெண்ணெய்.
அலுவலகத்திலிருந்து ரென்ஸ்கே கேட்கிறாள்:
"இது எட்டா, மூன்றா?"

ஹைட்சேவிடம் யோசனை கேட்டேன்.
போன மாதம் கண்புரை எடுத்துக்கொண்டவன்.
"முதலில் வானம். இவ்வளவு நீலமா என்று
அழுகையே வந்துவிட்டது.
அப்புறம் வீட்டுக்குப் போனேன்.
சமையலறைச் சுவரில்
பதினோரு வருட எண்ணெய்."

கழற்றிய கண் எங்கே போகும்?
மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன்:
பழைய திரைகள், ஒரு ஊமை ஸ்பீக்கர்.
இதுவும் சுரங்கம்தான்.
கொஞ்சம் தங்கம், கொஞ்சம் கோபால்ட்,
யாரோ தோண்டி எடுத்தது,
நான் மறுபடி புதைத்தது.

திருப்புளி கையில்தான் இருக்கிறது.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஹைட்சேவைப் பழையதில் ஒரு படம் எடுக்கிறேன்.
மங்கல். பத்து வயது குறைவு.
"எனக்கு அனுப்பு" என்கிறான் உடனே.
பிறகு உற்றுப் பார்த்து, "யார் இது?"

இரண்டு முறை ஊதுகிறது வெளியே.
அதே மணல் படகு, திரும்பி வருகிறது.
இந்த முறை
பேனாவை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.