பூஜ்யத்துக்கு ஒரு கையெழுத்து

ஹம்ரியா, ஏழாம் நம்பர் கொட்டகை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே, வெள்ளைக் கூடாரத்துக்குள் ஒரு குழாய்
ஆயிரத்து இருநூறு மீட்டர்
உருளையில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறது.
தென்துருவத்தில், பனிக்கு அடியில்
ஓர் ஏரி இருக்கிறதாம்.
வெயில் பட்டு லட்சம் வருஷம் ஆகிறதாம்.
அதைத் தொடப்போகும் முதல் பொருள்
இது.

அதனால் துடைக்கிறோம்.
பெராக்சைடில் நனைத்த துணி, முழத்துக்கு ஒன்று.
ஒருமுறை பட்ட துணி மறுமுறை படக்கூடாது.
தாவூது பிடிக்க, பிரேம் தாபா துடைக்க,
நான் அட்டையில் ஏற்றுகிறேன்:
மீட்டர் 311, சுத்தம்.
மீட்டர் 312, சுத்தம்.
தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு இரண்டு உறை.
மூக்கு அரித்தால் அரிக்கட்டும்.
"கல்யாணத்தன்னிக்குக்கூட
என்னை இப்படிக் குளிப்பாட்டலப்பா,"
என்கிறான் தாவூது, குழாயைப் பார்த்து.

பெட்டிப் பட்டியல் என் பொறுப்பு.
கொதிகலன் இரண்டு. ஜெனரேட்டர் இரண்டு.
பம்பு மூன்று;
இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போன கதை
ஹேக்கனுக்குத் தெரியும்.
புற ஊதா விளக்கு, உபரி பல்புகளோடு.
கிருமியும் நுழையாத வடிகட்டி, அறுபது.
ஓ-ரிங் நானூறு.
நானூறா என்றேன்.
அங்கே கடை கிடையாது என்றார்.
துளை ஒரு நாள்தான் திறந்திருக்கும்,
அப்புறம் பனி தன்னைத்தானே தைத்துக்கொள்ளும்.
அந்த ஒரு நாளுக்குப் பதினெட்டு கண்டெய்னர்.

பனியையே உருக்கி, வடிகட்டி,
தொண்ணூறு டிகிரிக்குக் காய்ச்சி
அந்த வெந்நீரால் பனியைத் துளைப்பார்களாம்.
வெந்நீர் என்றதும் தாபா சிரித்துவிட்டான்.
எங்கள் கேம்ப்பில் ஜூலை மாசம்
எந்தக் குழாயைத் திறந்தாலும் அதுதான்.
ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைத்து
விடியலில் குளிக்கிறோம்,
ஆறு பேர், வரிசையில்.

செவ்வாய்க்கிழமை ஷமால் அடித்தது.
கூடாரத்து ஜிப் ஒரு விரலளவு திறந்திருந்தது.
ரோவேனா பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப்போய்
வியாழக்கிழமை முடிவோடு வந்தாள்.
மணலாக இருந்தால் மன்னித்திருப்பேன் என்றாள்.
மீட்டர் 640-இல்
மனிதத் தோலில் குடியிருக்கும் கிருமி.
யார் தோல்?
அது சொல்லாது.
மூன்று பேரும் மூன்று பேரின் மணிக்கட்டைப் பார்த்தோம்,
உறை முடிந்து சட்டை தொடங்காத
அந்தக் காலங்குலத்தை.

முதல் மீட்டரிலிருந்து மறுபடி.
ஓவர்டைம் உண்டா என்று தாபா கேட்டான்.
உண்டு.

கடைசித் தாளின் கடைசிக் கட்டம்:
கண்டறியப்பட்டவை, பூஜ்யம்.
அதன் கீழே என் பெயர்.
பதினோரு வருஷமாக இந்த ஊரில்
நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கே
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்:
விசாவில், கேம்ப் ரிஜிஸ்டரில், சம்பளச் சீட்டில்.
முதல்முறையாக
நான் எங்கேயும் படவில்லை என்பதற்குப் போட்டேன்.
பேனா கொஞ்சம் தயங்கியது. வெயில்தான் காரணம்.

கதவு சாத்தி சீல் வைத்தாயிற்று.
க்ரேன் தூக்குவதற்கு முன்
பஸ்ஸுக்கு ரைட் கொடுப்பதுபோல
தாவூது பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினான்,
வெறுங்கையால்.
"வெளிப்புறம்தானே," என்றான்.
தூசியில் ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன.
பட்டியலில்
நான் அதைச் சேர்க்கவில்லை.