விருப்ப ஒழுங்கு

ஜம்பட்டா வீதியில் என் கடைப் பலகையில் எழுதியிருப்பது
போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட்.
பெறுபேறு வந்த மாதத்தில்
பலகையில் இல்லாத வேலையொன்றும் நடக்கும்.

இன்று வந்தவர் மரியசூசை.
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை இறக்குகிறவர்.
அழுக்குப் படுமோ என்று
கதிரை நுனியில் உட்கார்ந்தார்.
மகள் அனோஜிதா உட்காரவில்லை.
கையில் இசட் புள்ளி,
நாலு தசமதானத்துக்கு.

‘டொக்டருக்குக் காணுமா மிஸ்?’
காணாது.
கொழும்பு மாவட்டத்தின் போன வருஷ வெட்டுப்புள்ளியை
விரல் வைத்துக் காட்டினேன்.
சின்ன இடைவெளிதான்.
அதற்குள் எத்தனை பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று
நான் சொல்லவில்லை.

‘நுவரெலியாவில் இவளின் சித்தி இருக்கிறா.
அந்த விலாசத்தைப் போட்டால்?’
படித்த பள்ளிக்கூடம்தான் மாவட்டம், அண்ணன்.
சித்தியின் விலாசத்துக்குக் கல்யாணக் காட் மட்டும்தான் போகும்.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்,
நாலாக மடித்த மினுங்கல் தாளை.
காலி வீதியில் ஒரு தனியார் கெம்பஸ்.
அட்டையில் பிள்ளைகள் புல்லில் இருந்து சிரிக்கிறார்கள்.
அந்தப் புல் கொழும்பில் எந்தப் பக்கம் என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
இருபத்தெட்டு லட்சம். தவணை முறையும் உண்டு.

‘மனுசியின் தாலிக்கொடி இருக்கு’ என்றார்.
அது ஏற்கெனவே இரண்டு தரம்
செட்டியார் தெருவுக்குப் போய் வந்ததாம்.
வழி தெரிந்த கொடி.

பிழைத்துப்போன கொப்பித் தாளொன்றைத் திருப்பிப் போட்டேன்.
வந்தாறுமூலை என்று எழுதிக் கீழே கோடிட்டேன்.
படிப்புக் காசு: இல்லை.
விடுதி. சாப்பாடு, மாதத்துக்கு.
மட்டக்களப்பு இரவு ரயில், மூன்றாம் வகுப்பு,
வருஷத்துக்கு ஆறு தரம் வந்துபோக.
பழைய லெப்டொப். மூடியுள்ள வாளி
(எல்லாரும் மறக்கிற செலவு).
மஹாபொலவைப் பென்சிலால் எழுதினேன்.
வரும், பிந்தி வரும்.

கூட்டுத்தொகையை அவர் ரூபாயாகப் படிக்கவில்லை.
உதடு அசைய மூட்டையாக மாற்றினார்.
‘நாளைக்குப் பன்னிரண்டு கூட இறக்கினால் சரி’ என்றார்.
அவருடைய தோளை நான் பார்த்தேன்.
மகள் பார்க்கவில்லை, அல்லது
பார்க்காததுபோல் நின்றாள்.

என்னுடைய வருஷத்தில்
யாரோ சொன்ன ஏழு பாடநெறியை நானே நிரப்பினேன்.
எட்டாவது கிடைத்திருக்கும் என்பது
அடுத்த வருஷம் தெரிந்தது.
சரி, அது வேறு கதை.

‘கிடைக்காது என்று தெரிந்ததை
முதலாவதாகப் போடலாமா?’
அவள் வாய் திறந்தது அப்போதுதான்.
போடலாம், அதற்குத் தண்டனை இல்லை.
கிடைத்தால் போகமாட்டேன் என்பதை மட்டும் போடாதே.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
பிறகு மவுஸை என்னிடமிருந்து வாங்கினாள்.
மருத்துவம் மேலேயே இருந்தது.
அப்பாவுக்காக என்று நினைக்கிறேன்.
மாமா சொன்ன இரண்டை அழித்தாள்.
பதினொன்றாவதாகக் கிடந்த விவசாயத்தை
ஒவ்வொரு படியாக இழுத்து
இரண்டாவதில் விட்டாள்.

‘விவசாயமா?’ என்றார் மரியசூசை. ‘வெங்காயமா?’
‘வெங்காயமும்தான் அப்பா.’
அவர் சிரித்தாரா, இருமினாரா,
மெஷின் சத்தத்தில் விளங்கவில்லை.

அனுப்பினோம்.
வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
மூன்று பக்கத்துக்குக் காசு வாங்கினேன்.
வாங்காவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார்.
கடவுச்சொல்லைத் துண்டில் எழுதி
அவள் பென்சில் பெட்டிக்குள் வைத்தேன், அவர் பையில் அல்ல.

மினுங்கல் தாளை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.
இப்படி ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.
கணக்கெழுதவும் உதவாது,
பேனை வழுக்கும்.

வாசலில் அடுத்த குடும்பம்.
தாய் செருப்பைக் கழற்றுகிறாள்.
வேண்டாம் என்கிறேன், கேட்கவில்லை.