சில்லறை இல்லை

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
ராத்திரி முழுக்கப் பார் கணக்கு எழுதினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு போனது, ஆறு உடைந்தது.
உடைந்ததை யாரும் அள்ளவில்லை,
தரையே வாங்கிக்கொண்டது.

நோட்டுக்குப் பக்கத்தில் என் லேப்டாப்
வேறோர் உருகலுக்குக் காத்திருந்தது.
வரிசையாய்ப் பதினாறு சுழல்கள்.
மேல், கீழ், மேல், கீழ் என்று நிறுத்தி
வெளியை அடைத்துவிட்டேன்.
காற்று இல்லை, சூடு வர வழி இல்லை.
அப்போதும் உருகணும்.
ஒவ்வொன்றுக்கும் மற்ற பதினைந்தும் வெயில்தானே.
கொஞ்ச நேரத்தில் எது மேலே நின்றது என்று
பக்கத்தில் நின்றதைக் கேட்டாலும்
தெரியக் கூடாது.

இடத்துக்கு இடம் வேறு வேறு உயரம் வைத்திருந்தேன்,
எங்கள் தெருவில் ரோடு போடப் போட
அவரவர் கைக்காசுக்கு ஏற்றிக்கட்டிய
வாசற்படிகள் மாதிரி.
மூன்று மணிக்குப் பார்த்தேன். நாலுக்கும்.
மேல், கீழ், மேல், கீழ்.
லேசாய்ச் சிலிர்த்துக்கொண்டதோடு சரி.
லேப்டாப்தான் கொதித்தது.

ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோ.
டிரைவர் இருதயராஜின் போன் செத்திருந்தது,
ஸ்கேன் அட்டையை மழை தின்றிருந்தது.
ஆளுக்கு முப்பது.
என்னிடம் நூறு. பக்கத்து அக்காவிடம் இருநூறு.
வலைக்காரரிடம் ஐந்நூறு, அதுவும் ஈரம்.
முன்சீட்டுப் பையனிடம் ஒரே ஐம்பது.
நீ கொடு நான் தரேன் என்று
திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தோம்.
யாரும் கஞ்சமில்லை.
ஒருத்தர் நீட்டுவது இன்னொருத்தருக்குச் சரிவரவில்லை,
அவ்வளவுதான்.
தேரடி தாண்டியும்
ஏறும்போது இருந்த நோட்டு
அவரவர் கையிலேயே.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மூணு வருஷமாய் கைடுக்குப் புரியவைக்கப் பார்ப்பது
இதைத்தான்.

அஜாக்ஸில் பாஞ்சாலி ஏறினாள்.
நெத்திலிக் கூடை, இடுப்பில் சுருக்குப் பை,
பை நிறைய பத்தும் இருபதும்.
"இன்னா மூஞ்சியப் பாத்துனுகிறீங்கோ, குடுங்க இப்டி."
என் நூறு உடைந்தது.
அதைப் பிடித்து இருநூறு,
அதைப் பிடித்து அந்த ஈர ஐந்நூறும்.
எர்ணாவூர் மேம்பாலம் ஏறுவதற்குள்
யார் நோட்டு யாரிடம் என்று
இருதயராஜுக்கே தெரியாது.

பதினாறில் உருகவில்லை.
பதினாறு லட்சத்தில்
எங்கேயாவது ஓர் ஓரத்தில்
கூடையோடு இப்படி ஒருத்தி
உட்கார்ந்திருக்க மாட்டாளா?
அவ்வளவு பெரிய கணக்கு
எந்த மெஷினிலும் ஏறாது.

இறங்கிக் கையைப் பார்த்தேன்.
எழுபது ரூபாய்,
மீன் வாசத்தோடு.