நாசி இல்லாத நாசி லெமாக்

கம்பை ஊறவைக்க மறந்தது நான்தான்.
ஏழு விசில். எட்டு.
இன்னும் பல்லை முறைக்கிறது.

தேங்காய்ப்பால், பாண்டான் இலை,
நெத்திலிச் சம்பல் எல்லாம் வழக்கம்போல.
"நாசியே இல்லப்பா,
லெமாக் மட்டும்தான் இருக்கு" என்றாள் ஹர்வினா.
பள்ளி வேனில் ஏறும்போதும் மென்றுகொண்டிருந்தாள்.

ஏழரைக்குப் பஹாவ் முச்சந்தியில்
கையுறைத் தொழிற்சாலை பஸ்.
குணவதி வந்தாள், விரலெல்லாம் வெளுத்து.
அவள் இனிப்புநீர் அட்டையில்
பதினொன்று புள்ளி நாலு.

வெள்ளைச் சோறென்றால்
நாலாம் வாயில் தூங்கிவிடுவாள், தட்டின் மேலேயே.
கம்பு விடவில்லை.
மென்றாள்.
மென்றுகொண்டே
சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னாள்,
போன மாதம் சொன்னதை.

செம்பனைக் குலைகள் காத்திருக்கட்டும்.
லோரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு
இன்னொரு கரண்டி போட்டேன்.