குருட்டுப் புள்ளி

மனுவில் முப்பத்தோரு கையெழுத்து.
மூன்று மதத்தாரும் ஒரே தாளில்.
புயலுக்கு அரிசி பிரித்த பட்டியலுக்குப் பிறகு
கடலூர் முதுநகரில் இதுதான் முதல் முறை.

"பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும் அன்றே
படைத்தவன் திட்டமும் நடத்தப்பட வேண்டும்.
இரண்டு பக்கமும் சொல்வதுதானே நியாயம்?"

தாளாளர் வேதமாணிக்கம்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.
நல்ல மனிதர். சம்பளம் தாமதமானால்
எங்களைப் பார்க்க வெட்கப்பட்டு
பின்வாசல் வழியாகப் போகிறவர்.

"கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.
இத்தனை நுட்பம்
தானாகவா வரும்?"

கண்ணை எடுத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான்
அவர் அறைக்குப் போயிருந்தேன்.
காலை மூன்றாம் பீரியடுக்கு
துறைமுகத்தில் ஏலம் போகாத ஒரு கணவாயை
பனிக்கட்டி ஒழுகும் பையில்
இந்துஜா கொண்டுவந்திருந்தாள்.
கீறும்போது மைப்பை உடைந்து
வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் காணாமல் போயின.

பிளேடுக்குச் சிக்காததைக்
கரும்பலகையில் வரைந்தேன்.
கணவாயின் விழித்திரையில் நரம்புகள் பின்னால் ஓடுகின்றன,
சுவருக்குள் ஒயர் இழுத்த வீடு மாதிரி.
நமக்கு முன்னால்.
அத்தனையும் வெளியேற விழித்திரையிலேயே ஒரு ஓட்டை.
அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை.

"அப்போ மிஸ்,
கடவுளுக்கு நம்மைவிட
கணவாயைத்தான் பிடிக்குமா?"

வகுப்பு சிரித்தது.
நான் வெள்ளிதோறும் பாடலீஸ்வரர் முன்
கண்ணை மூடி நிற்கிறவள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனுவைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில்
இடப்புறம் ஒரு பெருக்கல் குறி,
வலப்புறம் ஒரு புள்ளி வைத்தேன்.
"இடது கண்ணை மூடுங்கள் சார்.
குறியை மட்டும் பாருங்கள்.
தாளை மெல்ல அருகில் கொண்டுவாருங்கள்."

"ஐயோ, புள்ளியைக் காணோமே!"
ஒரு நொடி அவருக்கு வயது பதினைந்து.

பிறகு தாளாளராகிச் சொன்னார்:
"பரங்கிப்பேட்டையில் என் மருமகன் கடலாராய்ச்சி.
கணவாய்க்கு நிறமே தெரியாதாம்.
நமக்கும் ஒன்று கூடுதலாகத்தானே கொடுத்திருக்கிறான்?"

இருக்கலாம் சார்.
குறைந்தாலும் அவன் திட்டம், கூடினாலும் அவன் திட்டம் என்றால்
பரீட்சையில் நான் என்ன கேள்வி கேட்பது?
எது கிடைத்தால்
இந்த மனுவைக் கிழிப்பீர்கள்?

அவர் விசிறியைப் பார்த்தார்.
"உங்கள் பாடத்தை நீங்கள் எப்போது கிழிப்பீர்கள்?"

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு நடுவே,
கரியாகிப்போன மரங்களோடு மரமாக
ஒரு மனிதப் பல் கிடைக்கட்டும்.
சந்தேகமில்லாமல் அந்தக் காலத்துப் பல்.
மறுநாள் காலை பிரேயரில்
எல்லோர் முன்னாலும் கிழிக்கிறேன்.

"அதுவரை?"

அதுவரை அது நெடுவினா.
ஏழு மதிப்பெண்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.
'பரிசீலனையில்' என்று மூலையில் எழுதினார்.
முப்பத்தோரு பேருக்கும்
ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.
எனக்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது.
அங்கே யாரும்
ஆதாரம் கேட்டதில்லை, நானும்தான்.

மாடிப்படி ஏறும்போது
நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
மனுவின் பின்பக்கத்தைக் கைநீளத்தில் பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
மெல்ல,
மெல்ல,
அருகில் கொண்டுவந்துகொண்டிருந்தார்.