மிச்சச் சர்க்கரை

பத்திரப் பதிவுக்கு முந்தின ராத்திரி,
மாட்டுத்தாவணிப் பழமண்டி அடங்கிய பிறகு,
அக்கா மகள் நாகஜோதி
துண்டில் சுற்றிய பாட்டிலைக்
கல்லாமேசை மேல் வைத்தாள்.

பிரான்ஸ். லுவார் ஆற்றங்கரை.
திராட்சை வெட்ட இரண்டு மாதம் போயிருந்தாள்,
தோட்டக்கலைப் படிப்பின் பாகமாம்.
லேபிளில் ஒரு கிணறு, ஒரு குடும்பப் பெயர்,
அதன்கீழ் பொடி எழுத்தில் டெமி செக்.
"அப்படின்னா?"
"பாதி காஞ்சது, மாமா."
மழை வந்துவிடுமோ என்று
மொட்டைமாடிக் கொடியிலிருந்து உருவிய வேட்டி
ஞாபகம் வந்தது எனக்கு.

திறக்கத் திருகி இல்லை.
பெட்டிக்கு அடிக்கிற ஆணிகளுக்குள்
ஒரு திருகாணியைப் பொறுக்கிக்
கார்க்கில் இறக்கிக் குறடால் இழுத்தேன்.
பாதிக் கார்க் உள்ளே போனது. போகட்டும்,
இந்த மண்டியில் எதுதான்
முழுசாக வெளியே வந்திருக்கிறது.

எவர்சில்வர் தம்ளர் மூன்று.
அக்கா பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்தெட்டு வயது.
முப்பது வருஷம் ராயப்பன்பட்டிப் பன்னீருக்கு
விலை சொன்ன நாக்கு.
குலையின் தோள்ப்பழத்தைத் தொடமாட்டாள்;
அது எப்போதும் இனிக்கும், பொய் சொல்லும்.
அடிநுனியில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்
கண்ணை மூடி ஒரு எண் சொல்வாள்.
இப்போதும் அப்படித்தான்.
குடிக்கவில்லை. பார்த்தாள்.

"முதல்ல புளி.
அப்புறம் நனைஞ்ச கல்லு வாடை.
கோவிச்சுக்கிட்டுக் கிளம்புன ஆளு
வாசப்படியில திரும்பிப் பாத்த மாதிரி
கடைசியில ஒரு இனிப்பு."

ஜோதி சொன்னாள்:
சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுகொண்டே போகும்,
விட்டால் கடைசிப் பொட்டுவரை தின்று தீர்த்துத்
தானும் செத்து அடியில் படியும்.
அந்த வீட்டுத் தங்கச்சி
நிலவறையில் தொட்டி தொட்டியாய் நாக்கில் வைத்துப் பார்த்து
ஒரு ராத்திரி "போதும்" என்பாளாம்.
குளிரவைத்து நிறுத்திவிடுவார்களாம்.
லிட்டருக்குப் பதினாறு கிராம் மிச்சம்.

"அண்ணன் தங்கச்சி சேந்தா நடத்துறாக?"
"ஆமாம்மா. ஏழு வருஷமாப் பேசிக்கிறதில்ல.
அறுவடைக்கு மட்டும் ஒரே மேசை."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இலையில் கோலா உருண்டை ஆறிக்கொண்டிருந்தது.
அக்கா ஒன்றைப் பிட்டுத் தின்று, காரம் உச்சிக்கேறி,
ஒரு மடக்குக் குடித்தாள்.
"அட" என்றாள்.
அவள் அட சொல்லிப் பதினெட்டு மாதம் ஆகிறது,
வக்கீல் வந்ததிலிருந்து.

தேறல் என்றால் தெளிந்த மது என்று
பத்தாம் வகுப்பில் படித்தேன்.
அந்த வருஷம் நான் தேறவில்லை,
சொல் மட்டும் தேறியது.

எல்லாம் பிரித்தாகிவிட்டது.
நூற்றுப்பன்னிரண்டாம் கடை எனக்கு,
நூற்றுப்பதிமூன்று அவளுக்கு, நடுவில் சுவர்.
தராசு, தார்ப்பாய், வராத பாக்கிகூடச் சரிபாதி.
பிரிபடாமல் நின்றது ஒன்றே ஒன்று:
அப்பாவின் ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்டியது யார்?
அதை எடுக்க வாய் திறந்தேன்.
அக்கா தம்ளரை நீட்டினாள்.
"போதும்டா சோலைராசு. ஊத்து."

காலையில் ஒத்தக்கடை.
யானைமலை வெயிலில் படுத்திருக்க
ரேகை வைத்தோம், போட்டோவுக்கு நிமிர்ந்தோம்,
கையெழுத்துப் போட்டோம்.
ஒரு வரிகூட மாறவில்லை.
திரும்புகையில் ஒரே ஆட்டோ,
அவள் ஜன்னல் அந்தப் பக்கம்.

மண்டிக்கு வந்தால்
கல்லாமேசையில் காலிப் பாட்டில்.
வாயோரம் பிள்ளையார் எறும்பு,
நூற்றுப்பன்னிரண்டு பக்கமிருந்து ஒரு வரிசை,
நூற்றுப்பதிமூன்று பக்கமிருந்து ஒரு வரிசை.

"செங்கல்ல எங்க எறக்க?" என்றார் கொத்தனார்.
கொஞ்சம் பொறுங்க என்றேன்,
இதுக சாப்பிட்டு முடிக்கட்டும்.