லத்தாய்

பத்தாம் திருவிழா முடிந்து
காலை ஐந்தரைக்கு வேன் வந்தது.
பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு
ஆட்கள் தூங்கப் போனார்கள்.
துடைப்பது என் கணக்கு.

முதலில் எதையும் தொடக்கூடாது, பார்க்கணும்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பெட்டியே சொல்லும்.
இடது மூலையில் மெழுகுதிரி ஒன்று
கடைசிவரை எரிந்திருக்கிறது.
மேலே யாரோ டீ வைத்திருக்கிறார்கள், இரண்டு கிளாஸ்,
ஒன்றில் சீனி கூடுதல்;
எறும்பு அதற்குள் வந்துவிட்டது.
காற்றுத் துளைக்குள் கடலைத் தோல்,
ஊதாத பலூன், வேட்டுக் காகிதம்.
கூம்பின் நடுக் குமிழில்
பிஞ்சு விரல் அமுக்கிய குழி.
அதில் டேப்பை ஒட்டி மெல்ல இழுத்தால்
டப்பென்று எழும்பும். பயப்படக்கூடாது.

குளச்சலில் தூசி வெறும் தூசி இல்லை.
பாதி உப்பு.
மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்வந்த பெட்டி என்றால்
காந்தத்தைச் சுற்றிக் கறுத்த மணல்
மீசை முளைத்திருக்கும்.
ஈரத்துணியால் ஒரே இழுப்பு இழுத்தால்
அரம் போட்டதுபோல் ஆகும் வார்னிஷ்.
ஆகவே பிரஷ், மேலிருந்து கீழே, அவசரப்படாமல்.
அப்புறம் பனியன் துணி,
ஈரம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்வரை பிழிந்தது.
உடனே காய்ந்த துணி.
மெழுகைச் சுரண்டக் கத்தி கிடையாது,
காலாவதியான ஏ.டி.எம். கார்டு.
பணம் வராத அட்டைக்கு இந்த வேலையாவது வரும்.

பதினொரு மணிக்கு பெல்சியா கிதாரோடு வந்தாள்.
அவள் அண்ணன் ஆசையாகத் துடைத்திருக்கிறான்,
தேங்காய் எண்ணெயால்.
“ரெண்டு நாள் நல்லா மினுங்கிச்சு அக்கா.”
மூன்றாம் நாளிலிருந்து கழுத்தெல்லாம் சிக்கு வாடை.
“எடீ, அது தலை இல்ல, மரம்” என்றேன்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன்.
லைட்டர் பெட்ரோல் தொட்ட துணியில்
மாதக்கணக்கான வியர்வை பழுப்பாக வந்தது.
விரல்பலகை மூன்று இடங்களில் மட்டும்
தேய்ந்து பளபளத்தது:
அவளுக்குத் தெரிந்தது மூன்று கோர்டு என்று
மரம் காட்டிக்கொடுத்தது.
“நாலு” என்றாள், சிரிக்காமல்.
தேய்க்கவென்று கம்பி ஸ்கிரப்பரும் கொண்டுவந்திருந்தாள்.
வாங்கி என் அடுக்களையில் வைத்துக்கொண்டேன்.

செருப்புப் பெட்டிகளில் கிடக்குமே,
தின்னாதே என்று எழுதிய பொட்டலம்,
அதில் நான்கை உறைக்குள் போட்டுக் கொடுத்து
இடவப்பாதி முடியும்வரை
சுவரில் தொங்கவிடாதே என்று அனுப்பினேன்.

மதியம் பழைய ஜோடியைத் திறந்தேன்.
ததேயு கடலுக்குப் போன காலத்துப் பிளைவுட் வள்ளம்
அணியம் உடைந்து கரையேறியபோது
மிஞ்சிய நல்ல பலகையில் அடித்த இரண்டு பெட்டிகள்.
வெளியே கறுப்பு. உள்ளே இன்னும் வள்ளத்து நீலம்.
ஒன்றில் மஞ்சள் எழுத்தில்
வியாகு.
மற்றதில்
லத்தாய்.
வாள் போன இடத்தில் மாதாவும் இரண்டாகிப் போனாள்.

ல-வின் சுழிக்குள் குளவி ஒன்று
மண்கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது.
ஊசியால் எடுத்தேன்.
கூடவே கொஞ்சம் மஞ்சளும் வந்தது.
அந்தத் துகளை என்ன செய்வதென்று தெரியாமல்
பெட்டிக்குள்ளேயே போட்டுத் திருகினேன்.

நாலு மணிக்குப் போன். கொட்டில்பாட்டில் ஒரு மரண வீடு.
சின்ன முற்றம்தான், ஒரு பெட்டி போதும் என்றார்கள்.
ததேயு நோட்டில் ஒன்று என்று எழுதினார்.
பிறகு ஒன்றும் பேசாமல்
வேனில் இரண்டையும் ஏற்றினார்.

“வாடகை?”

“ஒண்ணுக்குத்தான்.
அது தனியாட்டு என்னத்தச் சொல்லும்?”

கயிறு உரசும் மூலைகளில்
பழைய போர்வையை மடித்துச் செருகினேன்.
வேன் திரும்பும்போது பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்,
மெழுகுதிரியை மேல வைக்க விடாதீங்க.